பொது இரைச்சல்

நஃபீசா ஒரு ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடித்ததும் அதன் ஓரத்தில் பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி வைப்பாள். அந்தப் புள்ளி விழுந்துவிட்டால் அவளுடைய ஆஸ்பத்திரியில் வேறு யாரும் அந்தக் கண்ணாடித் துண்டை எடுத்துப் பார்க்க மாட்டார்கள். தலைமை டாக்டரும் மாட்டார். எங்கேயும் எழுதி வைத்த விதி இல்லை. நஃபீசா புள்ளி வைத்துவிட்டாள் என்றால் கட்டி புற்றா இல்லையா என்ற கேள்வி தீர்ந்தது, அடுத்த வேலையைப் பார்க்கலாம் என்று அர்த்தம்.

நானும் அவளும் தூத்துக்குடிப் பக்கம். அவள் காயல்பட்டினம், நான் திரேஸ்புரம். சென்னையில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் சமூகவியலில் ஆராய்ச்சி மாணவி. ஆராய்ச்சித் தலைப்பு, சொல்லத் தெரியாத அறிவு. ஒரு வேலையில் வருஷக்கணக்காக ஊறியவர்களுக்கு ஒன்று தெரியும், ஆனால் எப்படித் தெரிகிறது என்று கேட்டால் முழிப்பார்கள் அல்லவா, அது. அதற்காக ஒரு நாள் அவளுடைய லேபில் போய் உட்கார்ந்துகொண்டு உயிரை வாங்கினேன்.

"எப்படிட்டி தெரியுது, பாத்து முடிஞ்சிருச்சுன்னு?"

"தெரியும்."

"அதான் எப்படின்னு கேக்கேன்."

"ஏட்டி ஃபிலோ, நீ கக்கூஸ்ல இருந்து கணக்குப் போட்டுப் பாத்தா எந்திரிக்கே?"

பக்கத்து மேஜையில் சாயம் ஊற்றிக்கொண்டிருந்த பெண் சிரித்து ஸ்லைடைத் தவறவிட்டாள். நான் விடவில்லை. நஃபீசா கண்ணை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுக்காமலே சொன்னாள்.

"மொதல்ல எல்லாம் பாத்தாச்சுன்னு தோணும். அதை நம்பக் கூடாது. அப்பதான் ஓரத்துக்குப் போவணும். ஓரத்தைச் சுத்தி ஒருக்கா வந்ததுக்கு அப்புறம், உள்ள ஒண்ணு லேசா உக்காரும். தூசி அடங்குத மாதிரி. அது உக்காந்தா புள்ளி."

"அது என்னது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் ஒங்கூட வாடகையைப் பங்கு போட்டுட்டு இருக்கேன்?"

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கதைக்குத் தேவை. நான் முதலில் இயற்பியல் படித்தேன். பாதியில் மொழியியல் பிடித்துப்போய் அதில் எம்.ஏ. முடித்தேன். நடுவில் அருங்காட்சியகப் படிப்பு. பிறகுதான் இது. எல்லாவற்றிலும் எனக்கு உற்சாகம் பொங்கும், எல்லாவற்றிலும் அடுத்தது என்ன என்று கால் துடிக்கும். "வர்ற பஸ்லல்லாம் ஏறி ரெண்டு ஸ்டாப்புல எறங்குதவ" என்பாள் நஃபீசா. நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

*

பேராசிரியர் சபாநாயகத்தின் தொப்பித் திட்டத்தில் நான் சேர்ந்தது இப்படித்தான். எல்லாத் துறைகளிலும் கால் நனைத்த ஆள் அவருக்குத் தேவைப்பட்டது.

சபாநாயகம் சாரை எங்கள் பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் பிடிக்கும். அவர் நடத்தும் கூட்டம் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஆய்வேட்டில் முதல் அத்தியாயத்தையும் கடைசிப் பக்கத்தையும் படிப்பார், "போதும்மா, வந்துடுச்சு" என்பார், கையெழுத்து போட்டுவிடுவார். அவரிடம் மாணவராகச் சேர வரிசையே நிற்கும்.

திட்டம் சுலபமானது. மூன்று துறைகளிலிருந்து மூன்று நிபுணர்கள். நோய்க்குறியியலுக்கு நஃபீசா, கல்வெட்டியலுக்குப் பேராசிரியர் குலசேகரன், கணிதத்துக்குக் கமலவேணி மேடம். மூளை அலைகளைப் பிடிக்கும் கம்பிகள் வைத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு அவரவர் வேலையைச் செய்ய வேண்டும். மண்டைக்குள் நடப்பதைத் தொப்பி கேட்கும். அந்தச் சொல்லத் தெரியாத அறிவைப் பதிவாக எடுத்துப் புதிதாகப் படிக்க வருகிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

"ஜில்லாவுக்கு ஒரு நஃபீசா இருந்தா எத்தனை பேர் பொழைப்பாங்க, யோசிச்சுப் பாரு" என்றார் சார். நான் வீட்டுக்கு வந்து அதையே நஃபீசாவிடம் சொன்னேன்.

"எங்க உம்மா ஒரு நஃபீசாவுக்கே மாப்பிள்ளை கிடைக்கலன்னு அழுதுட்டு இருக்கா" என்றாள். ஆனால் சரி என்றாள். ஸ்லைடுகள் வந்து குவிந்துகொண்டே இருந்தன, படிக்க ஆள் இல்லை. அவளுக்கும் அந்த ஆசை இருந்தது.

மூவரின் பதிவுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் திரையில் போட்டுப் பார்த்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கோடுகள் பின்னிப் பின்னி மூன்றும் மூன்று காடு. ஆனால் மூன்றிலும் ஒரே ஒரு சின்ன வளைவு திரும்பத் திரும்ப வந்தது. மெதுவாக எழுந்து, மெதுவாக அடங்கும்.

"சார், இது மூணு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கு."

சபாநாயகம் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். "கல்வெட்டு படிக்கிறவருக்கும் கேன்சர் பாக்குறவளுக்கும் ஒரே மாதிரி இருந்தா அது என்ன?"

"என்ன சார்?"

"இரைச்சல். ரூம்ல ஃபேன் ஓடுற மாதிரி. எல்லார் பதிவுலயும் ஃபேன் சத்தம் இருக்கும், அது யாரோட அறிவும் இல்ல. பொதுவா இருக்குறதைக் கழி. மிச்சம் நிக்கிறதுதான் அவங்கவங்க துறை."

"எதுக்கும் இன்னொரு தடவை..."

"போதும்மா. வந்துடுச்சு."

எங்கள் குழுவில் ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதே தொழிலாக இருப்பவர்களுக்கு வித்தியாசம்தான் சரக்கு. ஒரே மாதிரி இருப்பதை யாரும் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதுவதில்லை.

அடுத்த கட்டத்தில் தொப்பி கேட்பதோடு நிற்கவில்லை. அந்தப் பொது இரைச்சலுக்கு எதிரான அலையை உள்ளே அனுப்பி அதை அமுக்கியது. சத்தத்தை அடக்கும் ஹெட்போன் செய்கிற வேலைதான். இரைச்சல் அடங்க அடங்க மற்றதெல்லாம் பளிச்சென்று பதிவானது. மழைக்காலம் முழுக்க அமர்வுகள் நடந்தன.

"எப்படி இருக்கு?" என்று நஃபீசாவிடம் கேட்டேன்.

"கரண்ட் போனா வீடு அமைதியாவும்லா, அப்படி இருக்கு" என்றாள். "நல்லாதான் இருக்கு."

*

முதலில் தெரிந்தது குலசேகரன் சாரிடம்தான்.

கல்வெட்டுத் துறைக்குப் பின்னால் ஒரு பழைய கல் கிடத்தி வைத்திருக்கிறார்கள். அவர் அதில் மைப்படி எடுத்துக்கொண்டிருந்தார். ஈரத் தாளைக் கல்லின்மேல் விரித்து, பிரஷால் அடித்து எழுத்துப் பள்ளங்களுக்குள் அமுக்கி, மேலே மை ஒற்றுவார்கள். தாளெல்லாம் கருக்கும், பள்ளத்தில் இருக்கும் எழுத்து மட்டும் வெள்ளையாக மேலே வரும். அந்த நேரத்தில் நிறுத்த வேண்டும். நான் போனபோது எழுத்துகள் வெண்ணிறத்தில் எழுந்து நின்றன. அவ்வளவு அழகு. அவர் நிறுத்தவில்லை. ஒற்றினார். இன்னும் ஒற்றினார். ஒவ்வொரு எழுத்தாக மைக்குள் மூழ்கியது.

"சார், போதும் சார்!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "போதுமா? நல்லவேளை சொன்னே" என்றார், நிஜமான நன்றியோடு. மை ஒற்றியைக் கீழே வைத்தார். தாளைப் பார்த்தார். மறுபடி ஒற்றியை எடுத்தார்.

கமலவேணி மேடத்தின் அறையில் கரும்பலகை போதாமல் சுவரில் எழுதியிருந்தார்கள். நிரூபணம் எப்போதோ முடிந்துவிட்டது. "முடிஞ்சுதுன்னு தெரியுதும்மா" என்றார்கள். "ஆனா முடிஞ்ச மாதிரி இல்லையே."

நான் வெளியே வந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

லேபுக்கு வெளியே பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை, தோளில் கண்டக்டர் பை. கழுத்தில் பிளாஸ்திரி. என் அடையாள அட்டையைப் பார்த்து என்னை ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா, டாக்டரம்மா என் துண்டைப் பாத்துட்டாங்களா? டெய்லி வந்துக்கினு இருக்கேன். பேரு மங்களேஸ்வரி."

"கழுத்துல கட்டியா?"

"ஆமா. விசில் ஊதுனா இழுக்குது. விசில் இல்லாத கண்டக்டரு எதுக்கு, டிரைவரு கிண்டல் பண்றான். ஆபரேசன்னா ஆபரேசன், இல்லன்னா இல்ல. ஒண்ணைச் சொல்லிட்டா பரவால்ல. ஊசி குத்தி எடுத்தாங்க, அப்புறம் சத்தமே காணோம்."

உள்ளே நஃபீசாவைச் சுற்றித் தட்டுத் தட்டாக ஸ்லைடுகள். ஒன்றில்கூடப் பச்சைப் புள்ளி இல்லை. அவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள். விரல்கள் ஸ்லைடு வைக்கும் மேடையை நகர்த்திக்கொண்டே இருந்தன. ஓரத்தைச் சுற்றி, மறுபடி ஓரத்தைச் சுற்றி.

"எப்ப இருந்துட்டி இப்படி?"

"வீட்ல சொல்லாண்டாம்னு நெனச்சேன்" என்றாள். குரல் தேய்ந்திருந்தது. "எல்லாம் தெரியுது ஃபிலோ. எந்த செல்லு என்னது, எது சரியில்ல, எல்லாம் முன்ன மாதிரியே தெரியுது. அது மட்டும் உக்கார மாட்டேங்குது. நானும் சுத்திச் சுத்தி வாறேன்."

"நீயா ஒரு முடிவு பண்ணி புள்ளியை வையேன்."

"எதை வச்சுட்டி பண்ணுவேன்?" என்றாள். "நான் எப்பவும் முடிவு பண்ணதே இல்லியே. அது சொல்லும், நான் புள்ளி வைப்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மேஜையில் இருந்த டீயில் ஆடை படிந்திருந்தது. தலைமை டாக்டர் காலையில் வந்து பேசிவிட்டுப் போனதாகச் சொன்னாள். ரிப்போர்ட் கொடுக்க முடியாதவளை லேபில் வைத்திருக்க முடியாதாம். மருந்து ஸ்டோர் மேற்பார்வைக்கு மாற்றலாம் என்கிறாராம்.

"ஸ்டோர்ல மாத்திரையை எண்ணச் சொல்லுவா. அங்கன போயும் எண்ணிக்கிட்டேதான் இருப்பேன்" என்று சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

நான் அவளுடைய கையைப் பிடித்து மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுடைய கட்டைவிரல் ஆட்காட்டி விரலை உருட்டிக்கொண்டே இருந்தது, மேடையைத் திருகும் குமிழ் அங்கே இருப்பதுபோல.

*

"சார், நாம கழிச்ச அந்த வளைவு எங்க இருக்கு?"

சபாநாயகம் சார் கணினியிலிருந்து திரும்பினார். "எது?"

"பொது இரைச்சல். அது வேணும். திருப்பி உள்ள அனுப்பணும்."

"இரைச்சலை யாரும்மா சேத்து வைப்பா? இடம் அடைக்குதுன்னு முதல் பதிவுகளோட சேத்து அப்பவே அழிச்சாச்சு."

நான் சொன்னேன். குலசேகரன் சாரின் கறுத்த தாள், சுவரில் எழுதியிருந்த கணக்கு, நஃபீசா. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் தடவையாக என்னை இடையில் நிறுத்தவில்லை. பாட்டிலிலிருந்து தண்ணீரைக் குடித்துவிட்டு மூடியைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்ப மூணு பேருக்கும் பொதுவா இருந்தது..." என்றார்.

"போதும்னு சொல்றது சார். எப்ப நிறுத்தணும்னு சொல்றது. துறை எதுவா இருந்தாலும் அது ஒண்ணுதான்."

"அதுதான் அறிவே. மத்ததெல்லாம் தகவல்." மூடியை மேஜையில் வைத்தார். "ஃபேனைக் கழிக்கிறோம்னு நெனச்சு வீட்டை இடிச்சிருக்கோம்."

"தானா திரும்பி வராதா?"

"தானா வந்தது இல்லையே. வருஷக்கணக்கா ஒரே எடத்துல உக்காந்து வந்தது. மறுபடி முதல்ல இருந்து உக்காந்தா வரலாம். அதுவரைக்கும் அந்தப் பொண்ணுகிட்ட யாரு ஸ்லைடைக் கொடுப்பா?" மூடியை எடுத்துப் பாட்டிலில் திருகினார். பிறகு கண்ணில் பழைய வேகம் வந்தது. "இரு. மூணு பேருக்கும் ஒண்ணுதான்னா, யார்கிட்ட இருந்து வேணாலும் எடுக்கலாமே. அமுக்க வேண்டாம், சும்மா கேட்டாப் போதும். பதிவு பண்ணி அவளுக்குள்ள ஓட்டிப் பாக்கலாம்."

வெளி ஆட்களைக் கேட்டோம். குலசேகரன் சாரின் கறுத்த தாள் பற்றிய செய்தி அதற்குள் எல்லாக் கல்லூரிக்கும் போய்விட்டிருந்தது. தொப்பியைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே எதிரில் இருப்பவரின் கை தலைக்குப் போனது. நஃபீசாவின் கூடப் படித்த டாக்டர்கள் போனை எடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

"நான் தாரேன் சார்" என்றேன்.

எனக்கு அதில் சந்தோஷம்கூட இருந்தது. என்னிடமிருந்து அவளுக்கு. தொப்பியைப் போட்டுக்கொண்டு என் வேலையைச் செய்தேன். பேட்டிப் பதிவுகளைக் கேட்டு வகை பிரித்தேன். மத்தியானம் வரை ஒன்றும் வரவில்லை. சமூகவியல் வேண்டாம் என்று மொழியியலுக்குப் போனேன், ஒரு கடலோரப் பேச்சைத் துண்டு துண்டாக்கினேன். பிறகு பழைய இயற்பியல் கணக்குகள். பிறகு பானை ஓடுகளை ஒட்டவைத்துப் பார்த்தேன். சார் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன சார்?"

"காடு நல்லா இருக்கு. பலே காடு. நாலு துறையும் இருக்கு."

"அந்த வளைவு?"

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். கோடு எங்கேயும் எழவும் இல்லை, அடங்கவும் இல்லை. துடித்துக்கொண்டே ஓடியது.

"உனக்கு இன்னும் வரலம்மா" என்றார், மெதுவாக. "வயசு இருக்கு."

தொப்பியைக் கழற்றும்போது அதன் வார் என் முடியில் சிக்கிக்கொண்டது. யாரும் உதவிக்கு வருவதற்கு முன் நானே பிய்த்து எடுத்தேன். ரெண்டு ஸ்டாப்பில் இறங்குகிறவளுக்கு என்ன இருக்கும் உள்ளே? அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எனக்குப் போடு" என்றார்.

"சார்?"

"என் வேலையை நான் முப்பது வருஷமா செய்றேன். எனக்கு இல்லாம யாருக்கு இருக்கப் போகுது? போடும்மா."

அவர் ஒரு ஆய்வேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கத்துக்குப் போனார். திரையில் அந்த வளைவு எழுந்தது. மெதுவாக எழுந்து, மெதுவாக அடங்கியது. அச்சு அசல் அதே. நான் கத்தியே விட்டேன்.

*

நஃபீசாவுக்கு அதை ஓட்டினோம். ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் அவளுடைய விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கின. ஒரு காலையில் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தவள் டம்ளரைக் கீழே வைத்தாள். வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அழுதாள்.

"உக்காந்துட்டுட்டி" என்றாள். "ஃபிலோ, உக்காந்துட்டு."

ரெண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் புள்ளியை வைத்தாள். அன்று நான் மூன்று பேருக்கு பிரியாணி வாங்கினேன், மூன்றாவது சபாநாயகம் சாருக்கு.

அந்த வாரத்திலேயே தட்டுகள் காலியாகிவிட்டன. தலைமை டாக்டர் லேபுக்கே வந்து கைகொடுத்தாராம், மருந்து ஸ்டோர் பேச்சே இல்லையாம். நான் அதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று போனேன். வாசலில் மங்களேஸ்வரி அம்மா எதிரே வந்தார். கழுத்தில் பிளாஸ்திரி இல்லை, கட்டி மட்டும் தெரிந்தது. கையில் ரிப்போர்ட்.

"ஒண்ணும் இல்லியாம்மா! சாதாரணக் கட்டியாம். ஆபரேசனே வாணாமாம்!" பையிலிருந்து விசிலை எடுத்து அங்கேயே ஊதிக் காட்டினார். பாதியில் முகத்தைச் சுளித்துத் தொண்டையைத் தடவினார். "போகப் போக சரியாயிரும்" என்றார். "நாளையிலேருந்து டூட்டி."

உள்ளே நஃபீசா வேலையில் இருந்தாள். நான் பின்னால் நின்று பார்த்தேன். ஸ்லைடை வைத்தாள். நடுவில் பார்த்தாள். கொஞ்சம் நகர்த்தினாள். எடுத்தாள். பச்சைப் புள்ளி. அடுத்தது. நடுவில். எடுத்தாள். புள்ளி.

"ஏட்டி."

"ம்?"

"ஓரத்துக்குப் போவலியா?"

"எதுக்கு?"

"எல்லாம் பாத்தாச்சுன்னு தோணும்போது நம்பக் கூடாதுன்னு சொன்னியே. ஓரத்தைச் சுத்தி வந்த பொறவுதான்னு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். அதை யார் சொன்னது என்று நினைவுபடுத்திப் பார்ப்பதுபோல இருந்தது. "அப்பல்லாம் ரொம்ப மெனக்கெட்டிருக்கேன் என்ன?" என்றாள். "இப்ப சட்டுனு உக்காந்துருது." அடுத்த ஸ்லைடை வைத்தாள். பிறகு தலையை லேசாகச் சாய்த்து, "போதும், வந்துடுச்சு" என்றாள்.

எங்கள் ஊரில் வந்துட்டு என்போம். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் அப்படி வந்து நான் கேட்டதே இல்லை.

வராந்தாவுக்கு ஓடி சபாநாயகம் சாருக்குப் போன் போட்டேன்.

"சார், அது உங்க போதும் சார்."

"யாரோடதா இருந்தா என்னம்மா? ஒரே வளைவு, நீயே பாத்தே."

"வளைவு ஒண்ணுதான். எப்ப வருதுங்கறதுல இருக்கு சார். உங்களுக்குச் சீக்கிரம் வருது. நீங்க முதல் அத்தியாயமும் கடைசிப் பக்கமும்..." வாய்வரை வந்ததை நிறுத்த முடியவில்லை. "நீங்கதான சார் அந்த வளைவையும் ஒரு தடவை பாத்துட்டுக் கழிக்கச் சொன்னது?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் உண்மையாகவே யோசித்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

"அவ சீக்கிரம் நிறுத்துறான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "உனக்கு ஸ்லைடு படிக்க வருமா?"

"வராது."

"எனக்கும் வராது. அவளுக்கு வரும். அவ போதும்ங்கறா. வேற யாரு சொல்லணும்?" பிறகு குரல் இளகியது. "அந்தப் பொண்ணு தூங்குறா, சாப்பிடுறா, வேலைக்குப் போறா. இதுக்கு மேல தோண்டாதே. நாளைக்குக் குலசேகரனுக்கு ஓட்டுறோம், அடுத்து கமலவேணி. வெளியூர்ல இருந்தும் கேக்குறாங்க, புதுசா படிக்க வர்ற பசங்களுக்கு. போதும்மா."

வைத்துவிட்டார்.

தலைமை டாக்டரின் அறைக்குப் போனேன். மங்களேஸ்வரி என்ற பேஷண்டின் ஸ்லைடை வேறு யாராவது ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். மரியாதையாகக் கேட்டார்.

"நஃபீசா பாத்தாச்சா?"

"பாத்தாச்சு சார்."

"புள்ளி இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்னம்மா?" என்றார், நிஜமாகவே புரியாமல். "நீங்க அவங்க ஃப்ரெண்டு தானே?"

நான் திரும்பி வந்தபோது லேபில் யாரும் இல்லை. சாப்பாட்டு நேரம். முடிந்த ஸ்லைடுகள் தட்டில் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் ஓரத்திலும் பச்சைப் புள்ளி. மங்களேஸ்வரியின் பெயரைத் தேடி எடுத்தேன். மைக்ராஸ்கோப்பின் விளக்கைப் போட்டேன். நஃபீசா செய்வதைப் பார்த்துப் பார்த்து அவ்வளவு தெரிந்திருந்தது.

நடுவில் இளஞ்சிவப்பாக இருந்தது. சாந்தமாக, வட்டம் வட்டமாக. குமிழைத் திருகினேன். ஓரத்துக்குப் போனேன். ஓரத்தில் ஊதாப் பொட்டுகள் கூட்டமாக இருந்தன. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, சில பெரிதாக, சில சிதறி. இது அதுவா? அல்லது எல்லா ஓரமும் இப்படித்தான் இருக்குமா? தெரியவில்லை. நான் சுற்றி வந்தேன். ஒரு முழுச் சுற்று. உள்ளே எதுவும் உட்காரவில்லை. மறுபடி முதலிலிருந்து. இங்கே கொஞ்சம் அடர்த்தி, அங்கே கொஞ்சம் குறைவு. கீழே சாலையில் ஒரு பஸ் கண்டக்டர் விசில் ஊதினார். அது அவராக இருக்க வழியில்லை, நாளைக்குத்தான் டூட்டி. ஆனாலும் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தேன். இன்னொரு சுற்று.

நஃபீசா உள்ளே வந்ததே தெரியவில்லை. கையில் எனக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் வாங்கி வந்திருந்தாள். தோளில் கைவைத்தாள். அவளுடைய கை கதகதப்பாக, அசையாமல் இருந்தது.

"இன்னுமாட்டி பாக்கே?"

"நஃபீசா, இந்த ஓரத்தை மட்டும் ஒருக்கா பாரு. எனக்காவ."

அவள் குனிந்தாள். ஒரு கண்ணை வைத்தாள். அவளுடைய நெற்றி லேசாகச் சுருங்கியது, எனக்குத் தெரிந்த பழைய சுருக்கம். விரல் குமிழுக்குப் போனது.

பிறகு நெற்றி விரிந்தது.

"போதும் ஃபிலோ" என்றாள், அன்பாக. விளக்கை அணைத்தாள். "வா, சோறு ஆறுது."